அன்னதானப் பந்தியில் என் எளிமை

எழுபது வயதைத் தாண்டியதும் எளிமையாக வாழ்வது என்று முடிவு செய்தேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். தேவை வேறு, ஆசை வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு சரி. இனி வாழ்ந்து காட்டலாமே என்று தோன்றியது. காரை விற்றேன். ஏசிக்கு உறை போட்டேன். குவைத்திலிருந்து மகன் அனுப்பிய சட்டைகளையும் சென்ட் பாட்டில்களையும் பிரிக்காமலே பீரோவில் பூட்டினேன். காலர் நைந்த இரண்டு சட்டை, ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, போதும்.

"பென்ஷன் வருது, மகன் அனுப்புறான். யாருக்குங்க இந்த வேஷம்?" என்றாள் மனைவி.

வேஷம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஆலங்குடியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலில் மதியம் அன்னதானம் உண்டு. தினமும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். வீட்டில் எனக்காக வடித்த சோறு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. சிக்கனம் என்றே அதையும் நினைத்தேன்.

ஒருநாள் பக்கத்து இலையில் இருந்த முன்னாள் தேங்காய் வியாபாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தம்பி ஒண்ணும் அனுப்புறது இல்லீங்களா?"

இந்த இடத்தைத்தான் நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். மாதம் தவறாமல் அனுப்புகிறான், நான்தான் தொடுவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லேசாகச் சிரித்து, "அவனுக்கும் குடும்பம் இருக்குல்லங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துப்பா" என்றார்.

பாயசம் மிக நன்றாக இருந்தது.

அந்த வாரமே யாரோ நான் சாப்பிடுவதைப் படமெடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். கீழே ஒரு வரி: 'பிள்ளை குவைத்தில், அப்பா கோயில் சோற்றில்.' வெள்ளிக்கிழமை மகன் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க ரூம்ல இருக்கிறவங்க எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுங்க. எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாலாச்சும் பதில் சொல்லியிருப்பேன். நான் என்னப்பா கொறை வச்சேன்?"

நான் எளிமையின் சிறப்பைச் சொல்லத் தொடங்கினேன்.

"சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை.

மறுநாள் வியாபாரியைத் தேடிப் போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சார். பெத்த பிள்ளையை விட்டுக் கொடுத்துப் பேச ஒங்களுக்கு மனசு வருமா?" அரைகுறையாகச் சொன்னதை நம்பியவர், முழுசாகச் சொன்னபோது நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இப்ப இது என்ன வேஷம்?" என்றாள். அந்தச் சொல்லை இந்த முறை மறுக்கவில்லை.

இப்போது நான் புதுச் சட்டை, குளிர்கண்ணாடி, சென்ட் சகிதமாகத்தான் வெளியே போகிறேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் ஆட்டோ. கேட்காதவரிடமும் "மகன் அனுப்பினது" என்கிறேன். போன வாரம் கடையை விட்டு இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"மகன் அங்கிட்டு வெயில்ல காயிறான். இங்கிட்டு கெழவனுக்கு சென்ட்டு கேக்குது பாரு."

படம் வந்த பிறகு, மகனைக் குறை சொல்லாமல் ஊர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு மனைவியிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

சென்ட் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. தும்மல் வருகிறது. அடித்துக்கொண்டுதான் போகிறேன்.