சல்லடையின் சந்தேகம்

நாற்பத்தாறு வயதில் அக்கா முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள் என்றதும் தம்பிக்கு மூக்கில் வேர்த்தது.

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. பிறந்த நாளிலிருந்தே கால்கள் இரண்டும் சொல்பேச்சு கேட்பதில்லை. வலது கை பாதி கேட்கும். நாக்கு ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பிடித்துத்தான் வெளியே விடும். ஆனால் கண் இருக்கிறதே, அது எமகாதகக் கண். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்தான். பாடப்புத்தகமோ மருந்துப் பெட்டி வாசகமோ, ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அவனிடம் தப்பாது. அச்சகக்காரர் வைத்த பெயர் 'சல்லடை'. அதுவே வீட்டிலும் நிலைத்துவிட்டது.

அக்கா மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் பதினாறு வருடமாக உதவியாளர். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சட்டைப் பொத்தான் போடப் பழக்குவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இந்தத் துறையில் முதுகலைப் பட்டம் இல்லாதவர்களைப் பொறுப்பாளராக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மாற்றுத்திறனாளர் ஆதரவுப் பணியில் இந்தத் தொலைதூரப் படிப்பு. செங்கல் கனத்தில் புத்தகங்கள் தபாலில் வந்தன. மாதம் இரண்டு சனிக்கிழமை கைபேசியில் வகுப்பு.

படிக்கட்டும். அதில் சல்லடைக்கு ஒரு குறையும் இல்லை. அவனை உறுத்தியவை இரண்டு. ஒன்று, 'குடும்பத்துக்கு வெளியே தங்கும் ஏற்பாடுகள்' என்ற பாடத்தில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. இன்னொன்று, அவள் இடுப்பில் செருகியிருந்த சின்ன நீலக் குறிப்பேடு. பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று அதை எடுத்து ஒரு கோடு கிழிப்பாள். மருத்துவர் வந்துபோன அன்று மட்டும் ஏழு கோடு.

"என்ன... எழுதுற?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லடா, பாடம்."

ஒன்றுமில்லாத பாடத்துக்கு எதற்கு இத்தனை கோடு? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டான், கோடு இல்லை. இருமினான், இல்லை. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னாலேயே இரண்டு சுற்று சுற்றினான்; அதற்கும் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் நின்று அவனைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். "இப்பத்தான் சாப்பிட்டான்" என்றாள் அக்கா. உடனே குறிப்பேடு வெளியே வந்தது.

சாப்பாட்டைக் கணக்கெடுக்கிறாள் என்று நினைத்தான். தன்னை எங்கோ தங்க அனுப்புவதற்கு முன்னால் அங்கே கேட்பார்கள் போலிருக்கிறது: இவர் எவ்வளவு சாப்பிடுவார், எத்தனை தடவை?

அடுத்த சனிக்கிழமை கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "ஆமா மேடம், நபர் 'அ' எங்க வீட்லதான் இருக்கார்... இல்ல, அவர்கிட்ட இன்னும் சொல்லல... கையெழுத்து வாங்கணும்னு தெரியும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

கையெழுத்து! சல்லடை நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் உருட்டினான்.

மாமாவிடம், அதாவது அக்காவின் கணவரிடம், கேட்டுப் பார்த்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வெள்ளந்தி, பொய் சொல்லத் தெரியாது என்பது சல்லடையின் நம்பிக்கை.

"மாமா... என்னை... எங்கயாவது... அனுப்பப் போறீங்களா?"

"உன்னை அனுப்பிட்டு நான் யார்கூட மாப்ளே சண்டை போடறது?" என்று மாமா சிரித்தார்.

"அக்கா... கையெழுத்துன்னு..."

சிரிப்பு நின்றது. "அது உங்க அக்கா பாடு. நான் அந்தப் பக்கம் தலைவச்சுகூடப் படுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவப் போனார். அப்படியானால் இவரும் கூட்டு.

திங்கட்கிழமை காலை இருவரும் வேலைக்குப் போனதும் நாற்காலியை அக்காவின் அறைக்கு உருட்டினான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சக்கரம் சிக்கியது. கையை எட்டி, மேசைமேல் இருந்த காகிதக் கட்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். 'வீட்டில் ஆதரவு: ஓர் உற்றுநோக்கல்' என்று தலைப்பு. நபர் 'அ', வயது நாற்பத்தொன்று, கைகால் இயக்கம் இப்படி, பேச்சு இப்படி என்று ஒரு பக்கம் முழுக்க அவன்தான். ரத்தம் கொதித்தது. ஆனாலும் மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்ததைக் கை தானாகத் திருத்தியது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

'இந்த உற்றுநோக்கல் நபர் அ-வைப் பற்றியதல்ல. அவரைப் பார்த்துக்கொள்ளும் உறவினரைப் பற்றியது. இருபத்தொரு நாளில், அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு உறவினர் முந்திக்கொண்டு பதில் சொன்ன தடவைகள் நூற்றுப் பதினேழு. அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கப் பன்னிரண்டு நொடி ஆகிறது. உறவினர் மூன்று நொடிக்குமேல் காத்திருப்பதில்லை.'

திரும்பவும் படித்தான். நிம்மதி வரும் என்று பார்த்தால் வேறொரு கோபம் வந்தது. நூற்றுப் பதினேழு! எண்ணிக்கொண்டே செய்திருக்கிறாள். அதற்கும் கீழே ஒரு வரி: 'இது அவருக்கு வருத்தம் தருவதாகத் தெரியவில்லை.' அதைக் காகிதம் கிழியும்படி அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினான்: 'தவறு. என்னைக் கேட்கவில்லை.'

மாலையில் அக்கா வந்தபோது காகிதங்கள் அவன் மடியில் இருந்தன.

"என் மேசையைத் துழாவினியா?"

"நீ... என்னை... எழுதினியா? ஏன்... முதல்லயே..."

அவள் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. இந்தத் தடவை காத்திருந்தாள்.

"...கேக்கல?"

"பயம்டா. நீ வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றது? நான் பண்ற தப்பை எழுத நான் வேற யாரு வீட்டுக்குப் போறது?"

"அந்த... சிவப்புக் கோடு?"

அவள் தோளில் இருந்த பையைக் கழற்றி வைத்தாள். "உனக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துட்டா என்ன ஆகும்னு படிச்சுப் பார்த்தேன். உன்னை அனுப்ப இல்லடா. சத்தியமா."

நம்பினானா? பாதி. தன்னைப் பற்றி எழுதச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான், ஆனால் நிபந்தனையோடு: கைகால் வர்ணனை வேண்டாம், அடித்த வரி அடித்ததுதான், அவன் எழுதிய பதில் உள்ளே வர வேண்டும். பிறகு இருபத்தெட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து பிழை பார்த்தான்.

வினை அங்கிருந்துதான் வந்தது. கட்டுரையை அனுப்பிய மூன்றாவது வாரம், கைபேசியில் வகுப்பெடுக்கும் பேராசிரியை அழைத்தார். "இருபது வருஷமா கட்டுரை திருத்தறேன்மா. ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாம இதுவரைக்கும் எங்கிட்ட வந்ததில்ல. யார் எழுதிக் கொடுத்தது? நேர்ல வாங்க."

படிப்பு மையம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்தது. மின்தூக்கி கிடையாது; கூடப் போன தம்பியின் நாற்காலி ஏறாது. மாற்றுத்திறனாளர் படிப்பைச் சொல்லித்தருகிற பேராசிரியை, உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த கீழறைக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. வந்ததும் அக்காவைப் பார்த்து, "இவர்தான் திருத்தினாரா?" என்றார்.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பேராசிரியை கைப்பையை இடம் மாற்றி வைத்தார்.

"எழுத்து... அக்காவோடது" என்றான் சல்லடை. "பிழை... என்னோடது."

"பிழை உங்களோடதா?"

"திருத்தினது."

பேராசிரியைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்தப் பருவத்துத் தேர்வுக்கென்று அவரே தயாரித்த மாதிரி வினாத்தாள். சல்லடை அதைத் தொடைமேல் வைத்துப் பொறுமையாகப் படித்தான். ஆறு இடத்தில் வட்டம் போட்டான். ஏழாவது இடத்தில் வட்டம் போடாமல், கேள்வியே தவறு என்று எழுதினான்: 'ஊனத்தால் அவதியுறுபவருக்கு' என்று ஆரம்பித்த கேள்வி அது.

பேராசிரியை அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்து, "வேற எப்படிக் கேக்கலாம்?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

கட்டுரைக்கு அறுபத்திரண்டு மதிப்பெண் வந்தது. எழுபதுக்குக் குறையாது என்று நினைத்திருந்த அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது இரண்டாம் ஆண்டு. கட்டுரைத் தலைப்பைத் தம்பியிடம் காட்டிய பிறகுதான் அனுப்புகிறாள். அவனும் பிழை பார்க்க முதல் வரியைப் படிப்பதற்கு முன்னால், தன்னைக் கேட்காமல் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துக்கொள்கிறான்.