எனக்கு மட்டும் தெரிந்த எண்

எண்பதுகளின் கடைசியில், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை அது. தெருப் பையன்களெல்லாம் வற்றிய கண்மாயில் கிரிக்கெட் ஆட, நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உயிரியல் கற்கப் போனேன். பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினார்கள். ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச நேர பஸ்தான் என்றாலும் விடுதியில் தங்க வேண்டும். பட்டாளத்தில் ஓய்வு பெற்ற அப்பா உடனே சம்மதித்தார். அறிவியல் படித்தால் நான் பட்டாளத்தில் அதிகாரியாகவே சேரலாம் என்பது அவர் கணக்கு. அணில் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை.

எங்கள் வீட்டில் பட்டாளம் பார்க்காத ஆண், அம்மாவின் தம்பியான மாமா ஒருவர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவே அவரை ஆளெடுப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஓட்டம், நெஞ்சளவு எல்லாம் தேறி மருத்துவச் சோதனைக்கு உள்ளே போனவர், வாசலில் அப்பா காத்து நிற்க, பின்வழியாக நழுவி பஸ் ஏறிவிட்டாராம். அன்று முதல் அவர் 'ஓட்டக்காரர்' ஆனார். பிறகு பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போனார். காயத்துக்குப் பயந்தவன் காயத்துக்குத் துணி நெய்கிறான் என்று அப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

முகாமில் முதல் சில நாட்கள் ராஜபோகம். செண்பகத்தோப்பில் கழுத்து வலிக்க அண்ணாந்து சாம்பல் நிற அணிலைத் தேடினோம். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்தோம். அப்புறம் ஒரு காலையில் விலங்கியல் மேடம் ஒரு புத்தகத்தோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கடகடவென்று சொன்னார்கள். எனக்குப் புள்ளிகளைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. முன்னால் நின்றவன் சொன்னதையே திருப்பிச் சொல்லித் தப்பித்தேன்.

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறொரு பக்கத்தைத் திருப்பினார். அதில் எண் பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று அதை உரக்கச் சொன்னேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கத்தில் மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்குத்தான் அது தெரியுமாம்.

"பயப்படாத தம்பி, இது நோய் இல்ல. அம்மா வழியா வர்றது. உங்க மாமா யாருக்காவது உண்டா?" என்றார் மேடம். இல்லை என்று தலையாட்டினேன். "பட்டாளத்துல மட்டும் ஒத்துக்க மாட்டாங்க. கடைசி நாள் அப்பா வருவாருல்ல, நானே பேசுறேன்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. திறந்து வைத்த தவளையின் இதயம் தட்டில் துடித்தபோதும் என் கண் வாசலிலேயே இருந்தது. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அப்பாவோ என்று பதறினேன். அவர் அடித்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு இரண்டாவது ஓட்டக்காரன் என்று எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வாரே, அதைத்தான் தாங்க முடியாது.

கடைசி நாள் அப்பாவும் மாமாவும் சேர்ந்தே வந்தார்கள். மேடம் மேடையில் இருந்தார். இறங்கி வந்தால் தீர்ந்தது. மாமாவைக் குழாயடிக்கு இழுத்துப் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாமாவுக்கு உண்டான்னு கேட்டாவளா?"

"ஆமா. இல்லைன்னுட்டேன்."

"செத்த நேரம் இங்கனயே நில்லு" என்று துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் போனார். நான் மெல்லப் பின்தொடர்ந்து போய் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"அத்தான், பையனுக்குச் செவப்பும் பச்சையும் பிரியலையாம். அவன ஏசாதீய. எனக்கும் அப்பிடித்தான். அன்னைக்கு நான் ஓடி வரல, டாக்டர் கழிச்சு விட்டுட்டாரு."

அப்பா மாமாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, "இம்புட்டு வருசமா ஏம்ல சொல்லல?" என்றார்.

"அம்மா வழில வருதுன்னு அந்த டாக்டரும் சொன்னாரு. வெளிய தெரிஞ்சா அப்பம் கல்யாணத்துக்கு நின்ன சின்னவள எவன் கெட்டுவான்? ஓடி வந்தவன்னா கேவலம் என்னோட போயிரும்லா."

சின்னவள் என்றால் என் சித்தி, மாமாவின் தங்கை. அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை, எனக்கு அது போதும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வந்தேன்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்த சித்தி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றாள். "வாங்க ஓட்டக்காரண்ணே, பஸ்ஸ முந்திக்கிட்டு ஓடி வருவியன்னுல்ல பாத்தேன்" என்றாள். மாமா எப்போதும்போலச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல், செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டார். மாமா ஓடவே இல்லை சித்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் காலை அழுத்தி மிதித்தார். கண்ணில் குறை என்று சொல்ல வெட்கப்படுகிறார் போல என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.