வெள்ளையாக விட்ட இடம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கிய அந்த மெலிந்த மனிதர், ஊரில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அரசாங்கம் அச்சகத்தைப் பூட்டி அவரைத் துரத்தியிருந்தது. தக்காளிப் பெட்டிக்குள் கிடக்கும் கசங்கிய தாளைக்கூட நீவி வாசித்துவிட்டுத்தான் எறிவார்.

எங்கள் தமிழ்ச் சங்கம் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச அவரை அழைத்தது. பேச்சை முன்பே எழுதி வாங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அரசாங்கம் மட்டுமல்ல, நம்மவர்களும் பத்திரிகைக்காரரை மிரட்டியதைப் பற்றி அதில் ஒரு பந்தி இருந்தது. செயலாளர் என்ற திமிரில் நான் அதை வெட்டினேன்.

"சனம் கோவிக்கும், அண்ணை."

"ஓம் தம்பி, அங்கை தணிக்கை அதிகாரியும் இதைத்தான் சொன்னவர். அவர் வெட்டின இடத்தை நாங்கள் வெள்ளையா விட்டுத்தான் அச்சடிப்பம்."

மேடையில் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். என்னையே பார்த்தபடி மைக் முன்னால் பேசாமல் நின்றார். பேச்சு முடிந்துவிட்டதென்று சபை கைதட்டியது. அவர் மீண்டும் வாய் திறப்பதற்குள் தலைவர் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

அது பேச்சின் முடிவல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். தூ!