ஆண்டிமடத்தில் பஞ்சுருட்டான் தின்ற ஆண் தேனீக்கள்

போனது நானும் என் கணவரும். அங்கே இருந்தது என் தங்கை செல்வி மட்டும். அவள் வீட்டுக்காரர் போன ஆடியில் தவறிவிட்டார். அவர் விட்டுப்போன மூன்று தேன்பெட்டிகளில் மிஞ்சிய ஒன்றும் ஒடுங்குகிறது என்று போனில் அழுதாள். மாசி வெள்ளியன்று சாமிக்கு விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினோம்.

குரும்பலூரில் காலை 6.40க்கு பஸ். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என மூன்று இடத்தில் மாறி ஆண்டிமடத்தில் இறங்கியபோது 11.20. அங்கிருந்து செல்வி இருக்கும் முந்திரித் தோப்பு 4 கி.மீ., ஆட்டோவுக்கு 120 ரூபாய்.

"தேனுக்கா போறீங்க? அந்தக்கா இப்பல்லாம் யாருக்கும் தர்றதில்லைங்க" என்றார் ஆட்டோக்காரர்.

பெட்டியை ஒட்டிய கடலைக்காட்டில் எட்டுக் குச்சிகள் நடப்பட்டிருந்தன. மேலே குறுக்குக்கட்டை, கட்டைக்கு ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் குருவி. இரண்டரை மணிக்குப் பெட்டியிலிருந்து ஆண் தேனீக்கள் கிளம்பின. பருத்த உடம்பு, பெரிய கண். புது ராணியோடு வானத்தில் கூடுவதுதான் அவற்றின் வேலை. வேலைக்காரத் தேனீ என்றால் பறவை கட்டையில் தேய்த்துக் கொடுக்கை எடுக்க வேண்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பதினேழு வரை எண்ணினேன், பிறகு மனம் வரவில்லை.

"ராணி?" என்றேன்.

"பழசு செத்துப் புதுசு வந்துச்சுக்கா. ஆறு நாளைக்கு முன்னால ஆணோட சேரப் பறந்துச்சு. திரும்பல."

என் கணவர் கல்லை எடுத்தார்.

"வேணாம் மாமா. குஞ்சுக்குத் தூக்கிட்டுப் போவுது, பாவம்" என்றவள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "குச்சிய நடச் சொன்னது அக்காதான்."

உண்மை. கடலையில் புழு விழுந்தபோது, மருந்தடித்தால் தேனீ சாகும், பாவம் சேரும் என்று பயந்தேன். குச்சி நட்டால் பறவை உட்கார்ந்து புழுவைத் தின்னும் என்று எங்கோ படித்ததை அனுப்பினேன். பறவைக்குப் புழுவும் ஒன்று, தேனீயும் ஒன்று என்று தோன்றவில்லை.

எட்டையும் பிடுங்கினோம். பறவைகள் கரண்டு கம்பியில் போய் உட்கார்ந்தன.

"அவரு போனப்புறம் காலையில எந்திரிக்கறதே இந்தப் பெட்டிக்குத்தான்க்கா" என்றாள்.

தேன்பெட்டி பார்க்கப் போகிறவர்கள் பிற்பகலில் போங்கள், குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் பறவைக்குச்சி நடாதீர்கள்.

செல்வியின் பெட்டியில் இப்போது தேனீயின் இளம்புழு இல்லை. அது இல்லாமல் தேனீக்களால் இன்னொரு ராணியை வளர்க்க முடியாது. வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கினால் பெட்டி தேறாது. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் இந்தியத் தேனீ வளர்ப்பவர்கள் முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு தேனடை தர முடியுமா? முடியாதென்றாலும் கீழே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும்.