அடுப்புக்குள் போன எல்லை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சோளக்காட்டுக்குக் கீழே எங்கள் நிலம். மாமனார் பாகம் பிரிக்கும்போது, பலாமரத்தடியில் இருக்கிற சாமிக்கல்லைக் காட்டி, இதற்கு மேற்கே பெரியவனுக்கு, கிழக்கே சின்னவனுக்கு என்றார். என் வீட்டுக்காரர்தான் பெரியவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இறந்துபோய்விட்டார்கள். மேற்கே எங்கள் மிளகுக்கொடி, கிழக்கே சின்னவர் பெண்சாதி, என் ஓரகத்தியின் வீடு. அந்தக் கல்லுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் பூசுவோம்.

போன வருசம் என் மகன் வேலி போட வேண்டும் என்று சர்வேயரைக் கூட்டி வந்தான். அளக்கிற சங்கிலி எதுவும் இல்லை. ஒரு கம்பு, அதன் தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். வானத்தில் சுற்றுகிற சேட்டிலைட்டோடு அது பேசுமாம். மற்ற மூலைக்கல்லில் எல்லாம் கம்பை நட்டுப் பார்த்தவர், சாமிக்கல்லுக்கு வந்ததும் மஞ்சளைச் சுரண்டினார். உள்ளே அம்புக்குறி வெட்டியிருந்தது.

"ஏனுங்கம்மா, இது சாமி இல்லீங்க. சர்க்கார் சர்வே கல்லு. மெஷின் வேற எடத்தைக் காட்டுது. இதை யாராச்சும் நகத்துனீங்களா?"

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். நிலம் ஒன்றாக இருந்த காலத்தில் அவள் வீட்டைக் கட்டினார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சாமி மேல் படக்கூடாது என்று, மாமனார் கற்பூரம் காட்டி, கல்லைப் பெயர்த்துப் பலாமரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். பிரித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்; பத்திரத்தில் மட்டும் பழைய சர்வே நம்பரை வைத்தே எழுதிவிட்டார்கள்.

"அப்போ நிஜ எல்லை எங்கீங்க?" என்றான் மகன்.

மெஷின் காட்டின பக்கமே சர்வேயர் நடந்தார். ஓரகத்தி வீட்டுச் சுவர் வரைக்கும் போனார். ஓட்டுக்கூரைக்குள் சேட்டிலைட்டு எடுக்காதாம். அங்கிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். டேப் போய் நின்ற இடத்தில் அவளுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் பாதி எங்கள் பட்டாவில். நான் அங்கேயே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்த நிலம். எது யாருடையது என்பது அன்றைக்கு மதியம் மாறிப்போனது.

அதற்குள் அடுப்புக்குப் போயிருந்த ஓரகத்தி, களி கிண்டுகிற துடுப்பைக் கீழே வைக்கவில்லை. "இத்தனை வருசமா சாமி எடத்துல உக்காந்துதான் களி கிண்டியிருக்கேன். ஏனுங்க அக்கா, இனி உங்க பாதியில கிண்டறதுக்கு வாடகை வாங்குவீங்களா?" என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

மகன் அந்த அடுப்பைப் பார்த்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சோற்றைவிட அந்த அடுப்புச் சோற்றைத்தான் அவன் அதிகம் தின்றவன்.

ஆபீஸ்காரர்களிடம் நான் பேசியதே கிடையாது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சர்வேயரிடம், "சாமி, அந்த அடுப்படியை விட்டுட்டுக் எல்லைக் கோட்டை வளைச்சுப் போடுங்க" என்றேன்.

"வாயில சொன்னா சர்வே படத்துல வளையாதுங்கம்மா. நீங்களும் மகனும் எழுதிக் குடுக்கோணும்."

மகன் என்னைப் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கினான்.

புதுப் படம் வந்திருக்கிறது. அதில் ஒரே கோடும் நம்பருமாக இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. மெஷினைப் பற்றி நான் எழுதியது தப்பாகவும் இருக்கலாம். அதுகூடப் போகட்டும். படம் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் வந்து, அந்தக் கோடு அடுப்படியைச் சுற்றி வளைந்துதான் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.