பேச்சியம்மாளின் பிறந்த ஊர்: போடிமெட்டுக்கு ஒரு சான்றிதழ்ப் பயணம்

எண்பத்து நான்கு ஐப்பசியில் நான் போடிமெட்டு ஏறியது இயற்கை அழகை ரசிக்க அல்ல. நானே செய்துவைத்த ஒரு வினையைச் சரிசெய்ய. அது சரியாகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல முடிவு தேடுபவர்கள் தூரத்தையும் கட்டணத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு நகரலாம்.

அப்போது மதுரையில் பொது நிர்வாகம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பதினான்கு பேர். மாணவர்களின் குடும்பப் பின்னணியையும் எதிர்கால லட்சியத்தையும் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போட வேண்டும் என்று துறைத் தலைவருக்கு ஆசை வந்தது. தொகுக்கும் வேலை எனக்கு. வம்பு கேட்பதற்குத் துறையே அதிகாரம் கொடுத்தால் விடுவேனா? ஜவுளிக்கடைக்காரர் மகன் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் வந்தவன். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மகன் வந்தது, பெண் பார்க்கும் இடத்தில் ‘மாப்பிள்ளை எம்.ஏ.’ என்று சொல்லிக்கொள்ள. லட்சியம் என்ற இடத்தில் பத்துப் பேர் ‘கலெக்டர்’ என்று எழுதினார்கள். இரண்டு பேர் ‘பேராசிரியர்’. நான் ‘மக்கள் பணி’ என்று எழுதினேன். மனதில் இருந்தது மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை.

பேச்சியம்மாள் மட்டும் ‘தாசில்தார்’ என்று எழுதியிருந்தாள். ஏலத்தோட்டக் கூலிக் குடும்பம். ஏனம்மா இவ்வளவு சிக்கனம் என்று கேட்டேன்.

“கலெக்டரை எங்க ஆத்தா பாத்ததே இல்லண்ணே. கையெழுத்துக்கு அலைஞ்சது பூராம் தாசில்தார் ஆபீசுக்குத்தான்.”

பிறந்த ஊர் ‘போடி’ என்று எழுதியிருந்தாள். நான் ஆராய்ச்சியாளன் அல்லவா, விடவில்லை. சரியாக எந்த இடம் என்று குடைந்தேன். மேலே, மெட்டைத் தாண்டி, எஸ்டேட்டுப் பக்கம் என்றாள். மெட்டுதான் மாநில எல்லை. போடியை அடித்துவிட்டு ‘இடுக்கி மாவட்டம், கேரளம்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மலையில் இருக்கும் அத்தனை பேரும் ஊரைக் கேட்டால் போடி என்றுதான் சொல்வார்கள் என்பதும், அதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

புத்தகம் அச்சானது. அரசுத் தேர்வுக்கு அவள் விண்ணப்பிக்கும்போது, துறை அலுவலகம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே அவளுக்குச் சான்று எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்த தாலுகா அலுவலகம் பிறப்பிடச் சான்று தர மறுத்தது. விண்ணப்பம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி. அவள் அப்பா ஒரே ஒரு முறைதான் அவகாசம் கொடுத்திருந்தார். இந்தத் தேர்வு எழுதாவிட்டால் திரும்பவும் தோட்டம்தான்.

“நீங்கதானண்ணே திருத்துனீக. நீங்களே வந்து சொல்லுங்க” என்றாள்.

புதன் காலை மீட்டர்கேஜ் ரயில். மதுரையிலிருந்து போடி தொண்ணூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், ஆறு ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கியபோது இறங்கித் தள்ளலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தாலுகா அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஓய்வூதியம் வாங்க வேண்டிய வயது நெருங்குகிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார். நான் வகுப்பில் படித்த விதிகளை வரிசையாக எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, ‘போடி’ன்னு இருந்திருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு எழுதியிருப்பேன். கேரளான்னு அச்சுல வந்துருச்சே! இந்தப் புள்ள எங்க ஊரு இல்லைன்னு அந்தக் கேரளா வில்லேஜ் ஆபீசுல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க.”

இரவு போடியில் அவளுடைய சித்தி வீடு. வியாழன் காலை ஆறே முக்காலுக்கு மெட்டு பஸ். இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒன்றேகால் மணி நேரம், இரண்டு ரூபாய் நாற்பது காசு. ஒன்பதாவது வளைவில் காலை இட்லி வெளியே வந்தது. மூன்று இட்லி, எழுபத்தைந்து காசு நஷ்டம். மெட்டிலிருந்து ஜீப்பு. உள்ளே ஒன்பது பேர், நான் டிரைவரின் மடியில் பாதி.

“சோலியாவா வந்திருக்கீக?” என்றார் டிரைவர். சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன்.

“யாருண்ணே கேரளான்னு எழுதுனது? விவரங்கெட்ட பயலா இருப்பான்போல.”

பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கேரளத்து வில்லேஜ் ஆபீசில் அதிகாரி பதிவேட்டை மூன்று முறை புரட்டினார். இவள் பேர் அதில் இல்லை. ரேஷன் கார்டும் தமிழ்நாடு. “அப்படியானால், எங்கள் ஊர் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் சார்” என்றேன்.

“அதெங்ஙனெ? ரிஜிஸ்டரில் இல்லாத்த ஆளெப் பத்தி ஞான் எந்து எழுதும்?”

பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு, இல்லை என்றுகூட எழுத முடியாது. என் பொது நிர்வாகப் பாடப் புத்தகத்தில் இப்படி ஓர் அத்தியாயம் இல்லை.

அங்கிருந்து கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடை. மூடுபனி, அட்டை. என் கெண்டைக்காலில் மட்டும் பதினொன்று. அவளுடைய அம்மா ஏலக்காய் பறித்த ஈரக் கையோடு வந்தார். ஒன்பதாம் மாதம் ஆனதும் மலைப் பெண்கள் கீழே போடிக்கு இறங்கிவிடுவார்களாம், பிள்ளை போடியில் பிறக்க வேண்டும் என்று. இவர் மட்டும் பறிப்புக் கூலியை விட மனமில்லாமல் பத்து நாள் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார்.

“நடந்துதான் எறங்குனேன் அப்பு. மெட்டுக்கு இந்தப் பக்கமே வலி வந்துருச்சு. இன்னும் ஒரு பர்லாங்கு வெரசா நடந்திருந்தா இவ போடிப் புள்ளதான். எங்களுக்கு எப்பவுமே போடிப் புள்ளதான், நீங்க எழுதுற வரைக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாலை நாலரைக்குக் கடைசி ஜீப்பு. “வா, நாளைக்குத் தாசில்தார் காலிலேயே விழுவோம்” என்றேன்.

“நீங்க போங்கண்ணே. காலுல விழுகவா எம்.ஏ. படிச்சேன்?”

அதற்குள் கங்காணி பெயர்ப் பதிவோடு வந்துவிட்டார். பறிப்பு மும்முரம், ஆள் தேவை. “பேரு?” என்றார். சொன்னாள். “ஊரு?” என்றார். “போடி” என்றார் அம்மா. அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார்.

அதே தேர்வை நான் எழுதித் தேறினேன். எனக்கு வாய்த்தது சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவு. மின்விசிறியும் உண்டு. பிறந்த ஊர் பொருந்தாத விண்ணப்பங்களை நானும் திருப்பித்தான் அனுப்பினேன், விதி அப்படி. நான்கைந்து முறை போடியிலிருந்து வந்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு திருப்பி அனுப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசியில் குடையும், அட்டைக்குப் புகையிலைத் தூளும் உப்பும் அவசியம். மெட்டு ஏறுமுன் இட்லி வேண்டாம். கட்டணமெல்லாம் அன்றையது, இன்றைக்குப் பத்தால் பெருக்கினாலும் போதாது. தோட்டத்தில் யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்பீர்கள், போடி என்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.