ஹில்டாவின் ஜோடிகள்

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த டான்ஸ் கிளப்பில் ஒரே ஒரு சட்டம்தான் கண்டிப்பானது. ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள். பெண்கள் பயமில்லாமல் ஆட வேண்டும் என்று யாரோ என்றோ போட்ட நல்ல சட்டம். அதைக் காக்க கேட்டில் நின்றவள் ஹில்டா. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், குரலை உயர்த்தினால் துறைமுகத்துச் சங்கே அடங்கிவிடும். கிளப்புக்குப் பின்னால் ஓர் அறையும் வேலையோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வேறு வீடு கிடையாது.

அந்தச் சட்டத்தை அவளைப் போலக் காத்தவரும் இல்லை, அவளைப் போல ஏய்த்தவரும் இல்லை.

தொண்ணூற்றெட்டு வாக்கில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூர்து சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே கேசட் போட ஆரம்பித்தான். கப்பல்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய அமெரிக்கக் கேசட்டுகள். பாட்டுக்கு நடுவில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் வரும் இடத்தை, இரண்டு டேப் டெக்குகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போவான். அந்தத் தாளத்தின் மேல் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து எதுகை மோனையோடு பேசலாம். செய்தி வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் போயிற்று. வாய்த்துடுக்குக்கு அங்கே என்ன பஞ்சமா? இஸ்திரி போட்ட சட்டையோடு இளவட்டங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். ஒருத்தனுக்கும் ஜோடி இல்லை.

ஹில்டா கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதலில் நின்றவனின் கையைக் கோத்துக்கொண்டு ராணி மாதிரி உள்ளே நடந்தாள். அவனை அங்கே விட்டுவிட்டு, சமையல்கட்டு வழியாக ஓடிவந்து அடுத்தவன் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, எத்தினி பேருக்குத்தான் ஜோடி ஆவ நீ?" என்றான் ஒருத்தன்.

"வாய மூடிக்கினு நட. இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ."

அப்படி உள்ளே போனவர்களில் ஒருவன்தான் பீம்ராவ். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். மற்றவர்களெல்லாம் அமெரிக்கக்காரன் மூக்கைக் கடன் வாங்கி அரைகுறை இங்கிலீஷில் முழங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் பேசுகிற பாஷையிலேயே மைக்கில் பேசியவன். கம்பிக்கட்டு, காய்த்துப்போன தோள், மழைக்கு ஒழுகும் கூரை, வாடகை கேட்டு நிற்கும் வீட்டுக்காரன், எல்லாம் லூர்துவின் தாளத்தில் ஏறி உட்கார்ந்தன. ஊரெல்லாம் கேலி செய்த பாஷைக்கு அன்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சமையல்கட்டு வாசலில் நின்ற ஹில்டாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே யாரும் இங்கிலீஷில் வாய் திறக்கவில்லை. வடசென்னை ராப்பின் பொற்காலம் என்று அந்தச் சனிக்கிழமைகளைத்தான் பீம்ராவின் கூட்டாளிகள் இன்றும் சொல்வார்கள்.

நல்லது நடந்தால் புகார் வராமல் இருக்குமா? பழைய உறுப்பினர்கள் போய் செக்ரட்டரி அலெக்ஸாண்டரிடம் வத்தி வைத்தார்கள். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியைவிடச் சிவப்புக் கொடியை அதிகம் ஆட்டியவர்.

"இதப் பாரு ஹில்டா, வேலைல இருக்கற ஆளு யாருக்கும் ஜோடி ஆவக் கூடாது. இன்னொரு தபா பாத்தேன், வேலையும் போச்சு, ரூமும் போச்சு."

அடுத்த சனிக்கிழமை அவரே கேட்டில் ஹில்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். செய்தி தெரிந்த பையன்கள் சளைத்தவர்களா? ஒருத்தன் அம்மாவோடு வந்தான், ஒருத்தன் தங்கையோடு வந்தான். ஜெயவேல் என்ற ஒருத்தன், மீன் விற்கும் அத்தையைப் பட்டுப்புடவை கட்ட வைத்துக் கூட்டி வந்திருந்தான். அலெக்ஸாண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் உள்ளே விட்டார்.

அவர்களுக்குப் பின்னால் பீம்ராவ் தனியாக வந்தான். அம்மா தவறிப்போய் வெகுநாளாயிற்று. ஒரே அக்காவும் மணலி புதுநகரில் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். உள்ளே லூர்து வெறும் தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்க, கூட்டம் பீம்ராவின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

"ரூல்னா ரூல்தான்" என்றார் அலெக்ஸாண்டர்.

"பரவால்லக்கா. உன் சோத்துல மண்ணப் போட்டுட்டு எனக்குப் பாட்டு வாணாம்" என்று ஹில்டாவிடம் சொல்லிவிட்டு பீம்ராவ் திரும்பி நடந்தான்.

ஹில்டா தன் அறை இருந்த பக்கம் பார்த்தாள். அறை போனால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? ஆனால் அவன் முதுகைப் பார்த்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்தது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அலெக்ஸாண்டர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க சார். இப்ப நான் வேலைல இல்ல. ரெண்டு டிக்கெட் குடுங்க. டேய் பீமு, இன்னாடா பாத்துகினு கீற? கையக் குடு!"

சட்டம் அவள் பக்கம் இருந்தது. அலெக்ஸாண்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பீம்ராவ் மைக்கைப் பிடித்தான். ஹில்டா இந்த முறை சமையல்கட்டுப் பக்கம் திரும்பவில்லை. மீன்கார அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் இறங்கி ஆடினாள். இத்தனை வருடம் வாசலில் நின்றவளுக்கு ஆட்டம் இவ்வளவு சுகமானது என்று அன்றுதான் தெரிந்தது.

கேட்டில் அலெக்ஸாண்டர் படாத பாடு பட்டார். ஜோடி இல்லாதவர்கள் அவரிடம் சண்டைக்கு வந்தார்கள், ஜோடியோடு வந்தவர்கள் ஏன் தாமதம் என்று சண்டைக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிப்போய், டை ஒரு பக்கம் தொங்க, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஹில்டாவிடம் வந்து சாவியை நீட்டினார்.

"புடிம்மா. வேலையும் உன்துதான், ரூமும் உன்துதான். எவனுக்கு வேணா ஜோடியா இரு. என்னால ஆவாது."

ஹில்டா ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"ஆடிக்கினு கீறேன் இல்ல சார்? பாட்டு முடியட்டும், வாங்கிக்கறேன்."

அவர் சாவியும் கையுமாக அங்கேயே நின்றார். மேடையிலிருந்து பீம்ராவ் அதைப் பார்த்தான். அந்தப் பாட்டை அவன் லேசில் முடிக்கவில்லை.